பாலத்தின் அந்த முனையில் காத்திருந்தவர்

கிண்ணியாவில் ஓர் ஆம்பிளை வீதியோரமாக நடந்து போனால் அது செய்தி. மோட்டார் சைக்கிள் பழுதாகிவிட்டதா, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா, வீட்டில் ஏதும் சண்டையா என்று ஊர் தனக்குள் விசாரணை நடத்தும். விசாரணை முடியும் முன்னரே ஒரு வண்டி பக்கத்தில் வந்து நிற்கும். "ஏறுங்க காக்கா!" என்று அண்ணன் முறை வைத்து ஓர் அழைப்பு வரும். ஏறாவிட்டால் கூப்பிட்டவரின் முகம் சுருங்கிவிடும். ஏறிக்கொண்டால் கூப்பிட்டவருக்கு நன்மை, ஏறியவருக்குச் சுகம், துனியாவில் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. இத்தனை நல்ல ஏற்பாட்டிலும் நட்டப்பட்ட ஒரே மனிதர் ஸெய்னுதீன். அதுவும் கொழும்பு வரை போய் வயிற்றை வெட்டிச் சுருக்கிக்கொண்டு வந்த பிறகு.

பெரிய பாலத்துக்குப் போகும் வீதியில் சீமெந்து, கம்பி, தகரம் விற்கும் கடை அவருடையது. ஐம்பதைத் தாண்டிய ஆள். கடையில் அவருக்கென்று கம்பியாலேயே ஒட்டவைத்த ஒரு கதிரை இருந்தது. அதற்கு முன்பிருந்த மரக் கதிரைகள் ஒவ்வொன்றாக உடைந்து மௌத்தாகிவிட்டன. ஊர் டிஸ்பென்சரித் தராசின் முள் அவரைக் கண்டதும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பப் பூச்சியத்தில் வந்து நின்றதால், கடையில் கம்பி நிறுக்கும் தராசில்தான் ஏறி நிறை பார்த்தார். மாபிள் பதிக்கிற முனாஸ் அப்போது பக்கத்தில் நின்றான்.

"காக்கா, கம்பி விலைக்கு உங்களப் போட்டா ஒரு வீட்டுக்குக் கொங்கிறீட் போடலாம்."

"போடலாம்டா. பொறகு அந்த வீட்ட யாரு தூக்கிறது?" என்றார் ஸெய்னுதீன். தன் உடம்பைப் பற்றிய பகிடியை மற்றவர்களுக்கு மிச்சம் வைக்காமல் தானே சொல்லி முடிப்பது அவருடைய பழக்கம்.

கலியாண வீடுகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது வழக்கம். ஸெய்னுதீன் உட்கார்ந்த சஹனில் நாலு பேருக்குத்தான் இடம் கிடைக்கும். அந்த நாலு பேரும் கை வேகமான ஆட்களாக இருந்தால்தான் இறைச்சித் துண்டைக் கண்ணாலாவது காணலாம். அவர் பந்தலுக்குள் வரும்போது, உட்கார்ந்தவர்கள் ஸலாம் சொல்லிக்கொண்டே காலை அகட்டி இடத்தை அடைப்பார்கள்.

இந்தச் சுகமான வாழ்க்கையைக் கெடுத்தது ஓர் ஆசை. ஆசை அவருடையதல்ல, மனைவி ரபீக்காவுடையது.

அவர்கள் இருவரும் மூதூர்க்காரர்கள். சண்டை வந்து மூதூர்ச் சனம் கந்தளாய்ப் பக்கம் கால்நடையாக வெளிக்கிட்ட அந்த வருடம், ஸெய்னுதீன் மகள் சுஹைராவைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ரபீக்கா துணி மூட்டையோடு பின்னால் வந்தாள். வெயிலில், செம்மண்ணில், கால் கொப்பளிக்க நடந்த நடை. கிண்ணியாவில் வந்து கடை போட்டுக் கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் ஸெய்னுதீன் செய்த முதல் வேலை ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியதுதான். "என்ட வாழ்க்கைக்குரிய நடைய நான் நடந்து முடிச்சிட்டன்" என்று அவர் எல்லோரிடமும் சொல்லுவார். மோட்டார் சைக்கிள் வேனானது. மெலிந்திருந்த ஸெய்னுதீன் வேனுக்கேற்ற ஆளானார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸாவும் புருஷனும் மக்காவுக்குப் போய் உம்றா யாத்திரை முடித்து வந்தார்கள். நஜ்முன் நிஸா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொன்னாள். ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு இடையில் ஏழு தடவை நடக்க வேண்டும். ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஓடிய ஓட்டத்தை நினைத்து நடக்கிற நடை. "இவர் என்ட பக்கத்திலயே நடந்தார் ரபீக்கா. உலகத்துச் சனமெல்லாம் அங்க. ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கிறதில்ல."

அன்று இரவுச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு ரபீக்கா மெல்லச் சொன்னாள்: "இஞ்சருங்க, நாமளும் ஒருக்கா அப்பிடி நடக்கணும். கையப் புடிக்கத் தேவையில்ல. பக்கத்துல பக்கத்துல நடந்தாக் காணும்."

ஸெய்னுதீன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்துப் பார்த்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இவளோடு சேர்ந்து பக்கவாட்டில் நடந்த ஞாபகம் ஒன்றுகூட வரவில்லை. ஊரில் புருஷன் முன்னால், மனைவி பின்னால். கந்தளாய் போன அன்றைக்கும் அப்படித்தான். பிறகு நடையே இல்லை. அவர் எழுந்து கை கழுவப் போனார். குசினி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அங்கேதான், அவளோடு உம்றாவில் நடப்பதென்று மனதுக்குள் நிய்யத் வைத்தார்.

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ரபீக்கா பயந்துவிட்டாள்.

"அல்லாஹ் தந்த வயித்த வெட்டிப் போட்டுட்டு அவன்ட வீட்டுக்கு எப்பிடிப் போற?"

"இந்த வயித்தோட போனா அவன்ட வீட்டு வாசல்ல நான் ஒராள் நிண்டாலே மத்தச் சனம் உள்ள போகேலா ரபீக்கா."

வெட்டினார்கள். ஸெய்னுதீனின் இரைப்பை ஒரு வாழைப்பழம் அளவுக்கு வந்தது. நாலு கவளம் சோறு, அதற்கு மேல் ஒரு பருக்கை போனாலும் திரும்பி வரும். மாதத்துக்கு மாதம் அவர் கரைந்தார். சாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டியிருந்தது. சேட்டுகளை எல்லாம் தையற்காரர் பிடித்துக் கொடுத்துக் களைத்துப்போய், "காக்கா, இனிப் புதுசு தைங்க, இதுக்குள்ள இன்னொராளும் இரிக்கலாம்" என்றார். ஊர் ஒரு பக்கம் மாஷா அல்லாஹ் சொன்னது. மறு பக்கம் தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு சுகம் விசாரிக்க வந்தது. "என்ன வருத்தமாம், சொல்றாங்க இல்லையாமே?" என்று வாசலில் செருப்புப் போடும்போது ரகசியம் பேசியது. கலியாண வீடுகளில் அவருடைய சஹனில் இடம் பிடிக்க இப்போது போட்டி. நாலு கவளத்தோடு கையை எடுத்துவிடுகிற ஆளை யார்தான் விடுவார்கள்? முன்பு காலை அகட்டியவர்களே "காக்கா, இஞ்ச வாங்க, இஞ்ச வாங்க" என்று பாயைத் தட்டிக் காட்டினார்கள்.

திருகோணமலை டவுணில், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தேகப்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஞானமலர் என்று ஒருவர் இருந்தார். அன்புவழிபுரத்துப் பெண், மெல்லிய குரல், இளகாத பிடி. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஐயா, நிறை தானாக் குறையும். அதுக்கு நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்ல. ஆனா கொழுப்பு மட்டும் போறேல்ல, தசையும் சேர்ந்து போகும். நடந்தாத்தான் கால் மிஞ்சும். நடக்காட்டில், மெலிஞ்ச ஒரு ஆள் கதிரையில இருப்பார், அவ்வளவுதான்."

"உம்றாவுக்குப் போகணும் தங்கச்சி. ஏழு தரம் நடக்கணும், மனிசியோட."

"அப்ப நாளைக்கே தொடங்குங்கோ. மனிசியோடயே நடவுங்கோ."

மறுநாள் விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு இருவரும் பாலத்துக்கு வெளிக்கிட்டார்கள். பாலத்தின் அந்த முனை வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. பழக்கதோஷத்தில் அவர் நாலு எட்டு முன்னால், ரபீக்கா பின்னால். பாலத்தில் ஏறினால் பக்கத்தில் வருவாள் என்று அவர் நினைத்தார். பாலத்தில் ஏறினால் நின்று கூட்டிக்கொள்வார் என்று அவள் நினைத்தாள். பாலத்தில் ஏறும் இடத்தில் முனாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து பிரேக் போட்டான்.

"என்ன காக்கா, வேனுக்கு என்ன?"

"ஒண்டுமில்லடா. நடக்கிறம்."

"நடக்கிறதா? ஒப்பரேசன் செஞ்ச ஒடம்பு! ஏறுங்க, ஏறுங்க. நான் அந்தப் பக்கம்தான் போறன்."

ஸெய்னுதீன் திரும்பிப் பார்த்தார். ரபீக்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். முனாஸின் மனதை நோகடிக்க முடியுமா? கடைக்கு மாதம் தவறாமல் ஆள் கூட்டி வருகிறவன். ஏறிவிட்டார். அந்த முனையில் இருந்த தேத்தண்ணிக் கடையில் இறங்கி ஒரு பிளேன்டி குடித்துக்கொண்டு, கறுப்பு அபாயா பாலத்தின் நடுவில் ஒரு புள்ளியாகத் தெரிந்து, வளர்ந்து, மனைவியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காற்று. நல்ல தேத்தண்ணி. திரும்பும்போது மீன் ஏற்றப்போன பட்டா லொறிக்காரன் அவரை ஏற்றிக்கொண்டான்.

அடுத்த நாளும் முனாஸ் வந்தான். அவன் வராத நாளில் வேறொருவன். ஸெய்னுதீன் நடப்பதை ஊர் அனுமதிக்கவில்லை. அவருடைய புதுச் சாரமும் புது இடுப்பும் கண்டால் மனித இதயம் உள்ள எவனும் வண்டியை நிறுத்தாமல் போகமாட்டான். ரபீக்காவுக்கு ஒருவரும் நிறுத்தவில்லை. இன்னொருத்தரின் மனைவியைப் பார்த்து "ஏறுங்க" என்று சொல்ல ஊரில் எந்த ஆம்பிளைக்குத் துணிவு வரும்? ஊரின் மரியாதை அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அதே மரியாதை அவளை நடக்க விட்டது.

ரபீக்கா நடந்தாள். மழை இருட்டிலும் நடந்தாள், நோன்பு காலத்தில் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். றப்பர் செருப்பு தேய்ந்து, அபாயாவுக்குக் கீழே சுஹைரா வாங்கிக் கொடுத்த கன்வஸ் சப்பாத்து வந்தது. தொடக்கத்தில் மூட்டு நோகிறது என்றவள், பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். தேத்தண்ணிக் கடையில் ஸெய்னுதீன் முன்பு ஆறுதலாக இரண்டு பிளேன்டி குடிப்பார். போகப் போக ஒன்றைக் குடித்து முடிப்பதற்குள் அவள் வந்துவிடுவாள். அந்த அறிகுறியைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். நம்மட நடை நல்லா முன்னேறுது என்று முனாஸிடமே சொன்னார்.

"நாளைக்கு முனாஸ்ட சைக்கிள்ல ஏறாம வாங்களன்" என்று ஒரேயொரு தடவை அவள் கேட்டாள்.

"அவன்ட மனம் நொந்துபோகும் ரபீக்கா."

"ஓம்" என்றாள். "அவனுக்கு மனம் பெரிசு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காதது சம்மதம் என்று கணவன்மார் வைத்திருக்கும் பழைய சட்டத்தின்படி ஸெய்னுதீனும் விட்டுவிட்டார்.

ஞானமலரிடம் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி. "நடக்கிறனீங்களோ ஐயா?"

"ஓம் தங்கச்சி. ஒவ்வொரு நாளும் பாலத்துக்குப் போறன்."

அவர் பொய் சொல்லவில்லை. தினமும் பாலத்துக்குப் போனார். அந்த முனைக்கும் போனார். வீட்டிலிருந்து சப்பாத்தும் போட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டார். தான் நடக்கிறவன் என்பதை அவர் மனதார நம்பினார். ஞானமலர் அவருடைய கெண்டைக்காலை ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். பழைய தலையணையைப் பிடித்தவர் போல முகம் மாறியது.

"பாலத்துக்குப் போறது ஆர் ஐயா? நீங்களோ, வாகனமோ?"

"ரெண்டு பேரும்தான்" என்று சிரித்தார்.

ஞானமலர் சிரிக்கவில்லை. "கதிரையில இருந்து கைய ஊண்டாம எழும்புங்கோ பாப்பம்."

அவர் எழும்பப் பார்த்தார். பாதியில் கை தானாகப் போய்க் கதிரையைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று காரணம் சொன்னார். கடைக்கு வந்து கம்பித் தராசில் ஏறினார், இன்னும் குறைந்திருந்தார். தராசே பாஸ் போட்டிருக்கும்போது பயிற்சி சொல்லித் தருகிற ரீச்சர் எதற்குக் கோபிக்கிறா என்று அவருக்கு விளங்கவில்லை. அடுத்த முறை ஞானமலரிடம் போகவில்லை. அதற்கடுத்த முறையும்.

உம்றாவுக்கு நாள் வந்தது. சுஹைரா பெட்டி அடுக்கும்போதே சொன்னாள்: "வாப்பா, உம்மாவும் நீங்களும் சேர்ந்து நடக்கிற படம் ஒண்டு அனுப்பணும். மறந்திராதீங்க."

"அதுக்குத்தானே மகள், வயித்தையே வெட்டினன்!"

மக்காவில் கஃபாவைச் சுற்றி வரும் தவாபை எப்படியோ முடித்தார். கடைசிச் சுற்றில் ரபீக்காவின் தோளைப் பிடித்திருந்தார். உம்றாவுக்கு உடுத்திய வெள்ளை இஹ்ராம் துணிக்குள் கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல நடுங்கின. ஸம்ஸம் தண்ணீர் குடித்தார், சற்று உட்கார்ந்தார், ஸஃபாவில் ஏறி நின்று கையேந்தித் துஆக் கேட்டார். கண்ணீர் வந்தது. "வாங்க" என்று ரபீக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோளுக்குத் தோள் இருவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

பச்சை விளக்குகள் எரிகிற இடம் வந்தது. அங்கே ஆம்பிளைகள் கொஞ்சம் ஓட வேண்டும். சுற்றியிருந்த ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். ஸெய்னுதீனும் ஓட நினைத்தார். நினைப்பு ஓடியது. முழங்கால் மடங்கிப் பளிங்குத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பிவிட நாலு தேசத்துக் கைகள் வந்தன. எழும்பினார், மறுபடியும் உட்கார்ந்தார். ரபீக்கா பக்கத்தில் குந்தி, "கொஞ்சம் இரிப்பம். மெல்லமாப் போவம். அவசரமில்ல" என்றாள். ஆனால் பின்னால் வருகிற சனத்துக்கு அவசரம் இருந்தது. பாதுகாப்புக்கு நின்றவர் கையைக் காட்டினார். சக்கரம் பூட்டிய கதிரையாக ஒரு தள்ளுவண்டி வந்தது.

தள்ளுகிறவர் எந்த ஊரோ தெரியாது. நரைத்த தாடி, ஸெய்னுதீனைவிட வயது கூடிய மனிதர், கம்பி மாதிரி உடம்பு. தள்ளுவண்டிகளுக்கென்று நடுவில் ஒரு தனிப் பாதை, இரண்டு பக்கமும் பதிவான தடுப்பு. ரபீக்கா தடுப்புக்கு அந்தப் பக்கம். பச்சை விளக்குகளின் கீழே தாடிக்காரர் முறைப்படி ஓடினார். ஸெய்னுதீனின் வாழ்க்கையிலேயே வேகமான ஓட்டம் அதுதான். ஓடியது வேறொருவர் கால். திரும்பிப் பார்த்தார். வெள்ளை அபாயா போட்ட பெண்கள் கூட்டத்தில் ரபீக்காவின் நடை மட்டும் அடையாளம் தெரிந்தது. அது தளராமல் வந்துகொண்டிருந்தது.

மர்வாவில் போய் இறங்கிக் காத்திருந்தார். வந்தாள். மறுபடி ஸஃபாவில் காத்திருந்தார். வந்தாள். ஒவ்வொரு தடவையும் தூரத்தில் ஒரு புள்ளி, பிறகு ஓர் ஆள், பிறகு ரபீக்கா. அந்தக் காட்சி அவருக்கு எவ்வளவு பழக்கமானது என்று நாலாவது தடவைதான் உறைத்தது. கையில் பிளேன்டிக் கிளாஸ் மட்டும்தான் இல்லை. முனாஸ் இல்லை, பட்டா லொறி இல்லை, மனம் நோக ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. மனம் நோகவேண்டியவள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றி அவர் அப்போதுதான் யோசித்தார்.

ஏழாவது நடை முடிந்ததும் அவள் மூச்சு வாங்காமல் வந்து நின்றாள்.

"ரபீக்கா, என்ன மன்னிச்சிரு" என்றார்.

"என்னத்துக்கு? ரெண்டு பேரும் வந்து சேர்ந்திட்டம்தானே" என்றாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சுஹைரா கேட்ட படம் ஞாபகம் வந்தது. தாடிக்காரரிடம் போனைக் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டிக் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றார். ரபீக்கா பக்கத்தில் வந்தாள். தாடிக்காரர் விவரமான ஆள். தள்ளுவண்டி படத்துக்குள் வராமல் எடுத்துக் கொடுத்தார். இப்போது அந்தப் படம் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறது. பேரீச்சம்பழம் சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், ரெண்டு பேரும் சேர்ந்து நடந்திரிக்கீங்க" என்றார்கள். ஸெய்னுதீன் படத்தைப் பார்க்காமல் பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார்.

ஹஜ்ஜுக்குப் போகாமல் உம்றா மட்டும் போய் வந்தவரை ஹாஜியார் என்று கூப்பிடுவது சரியில்லை. ஆனால் சீமெந்தை விலை குறைத்துக் கேட்கிறவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு அவர் ஞானமலரிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஞானமலர் கதை முழுவதையும் கேட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை.

"கால் திரும்பி வரும் ஐயா. மெல்லமா வரும். ஆனா ஒருத்தற்ற வாகனத்திலயும் ஏறக்கூடாது."

மறுநாள் பாலத்தடியில் முனாஸ் பிரேக் போட்டான். "ஏறுங்க ஹாஜியார்!"

"இல்ல முனாஸ். நீ போ."

முனாஸ் வண்டியை நிறுத்தியே விட்டான். "என்ன காக்கா, நான் ஏதும் பிழ செஞ்சிட்டனா?"

"நீ ஒரு பிழையும் செய்யல்லடா. நான்தான் ஏறினன்."

அவனுக்கு அது விளங்கவில்லை. முகம் சுருங்கிப் போனான். பகல் தொழுகைக்கு முன்பே ஸெய்னுதீனுக்கும் முனாஸுக்கும் ஏதோ பிரச்சினை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் ஊர் அவருடைய கவலை இல்லை. ரபீக்கா பத்து எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட்டார். நின்றாள். அவர் வந்து பக்கத்தில் சேர்ந்ததும் நடந்தாள். சற்று நேரத்தில் மறுபடி முன்னால். மறுபடி நின்றாள். இப்படி நாலைந்து நாள் போனது. அவள் நின்று நின்று நடப்பதைப் பார்க்க, ஓடத் தெரிந்த குதிரையை மாட்டோடு கட்டிவைத்தது போல இருந்தது.

"உனக்குக் கஷ்டம் போல" என்றார்.

"கஷ்டமில்ல. இவ்வளவு காலமும் தனிய நடந்து பழகிட்டன். பக்கத்துல ஆள் வந்தாக் கால் தடுக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நீங்க ஒங்கட அளவுக்கு வாங்க. நான் அங்க போய்த் திரும்புறன்."

இப்போது தினமும் அப்படித்தான். ஸெய்னுதீன் பாலத்தின் கைப்பிடியோரமாக ஒவ்வொரு அடியாக வைத்து வருவார். வண்டிகள் வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்துவிட்டுப் போகும்; ஒன்றும் நிற்பதில்லை, அவருக்கு மனம் இறுகிவிட்டதென்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் பாலத்தின் பாதியை அடையும்போது, அந்த முனையைத் தொட்டுத் திரும்பிய ரபீக்கா எதிரே வருவாள். நடுப்பாலத்தில் ஒரு கணம் இருவரும் தோளுக்குத் தோள் வருவார்கள், அவர் அந்தப் பக்கம் பார்த்தபடி, அவள் இந்தப் பக்கம் பார்த்தபடி.

"ஒருக்கா நில்லன் ரபீக்கா" என்று சொல்ல அவருக்கு வாய் வரும். மூச்சு வராது.

"நேரத்தோட வீட்ட வாங்க, தேத்தண்ணி ஆறிடும்" என்று சொல்லிக்கொண்டே அவள் கடந்து போவாள்.